வெள்ளை இனவெறி அமைப்புகளால் எவ்வளவு ஆபத்து? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜெர்மனி, ஆஸ்திரேலியா என்று பிள்ளைகளை அனுப்பிவைத்த வீடுகளிலும், அங்கேயே வேர்விட்ட தமிழ்க் குடும்பங்களிலும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் இவை. தாக்குதல் நடத்தியவர்களின் பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறோம். காரணம் உள்ளே இருக்கிறது.

இந்த அமைப்புகளில் மொத்தம் எத்தனை பேர் இருப்பார்கள்?

குறைவுதான். 1865இல் டென்னசி மாநிலத்தின் புலாஸ்கி ஊரில் தொடங்கிய கூ கிளக்ஸ் கிளான், 1920களில் பத்து லட்சக்கணக்கான உறுப்பினர்களை வைத்திருந்தது. 1925 ஆகஸ்டில் வாஷிங்டனின் பென்சில்வேனியா அவென்யூவில் வெள்ளை அங்கி போட்டு ஆயிரக்கணக்கில் ஊர்வலம் போனார்கள். பட்டப்பகல், முகத்தைக்கூட மூடவில்லை. இன்று அந்தப் பெயரில் இருப்பவை உதிரிக் குழுக்கள். எல்லாவற்றையும் சேர்த்தாலும் சில ஆயிரம் பேர் தேறுவது கடினம்.

ஆனால் இந்த விஷயத்தில் தலை எண்ணுவது தப்புக் கணக்கு. 2015 ஜூன் 17 அன்று தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில், தேவாலயத்தில் பைபிள் படித்துக்கொண்டிருந்த கறுப்பினத்தவர் 9 பேரைச் சுட்டுக் கொன்ற 21 வயதுக்காரன் எந்த அமைப்பிலும் உறுப்பினர் இல்லை. எல்லாம் இணையத்தில் படித்ததுதான். ஜெர்மனியில் ஏழு ஆண்டுகளில் 10 பேரைக் கொன்ற கும்பலின் மையத்தில் இருந்தவர்கள் மூன்றே பேர். 1995 ஏப்ரல் 19 அன்று ஓக்லஹோமா சிட்டியில் 19 குழந்தைகள் உட்பட 168 பேரைக் கொன்ற வெடிகுண்டைத் தயாரித்தவர்கள் இருவர். அரசு மீதான வெறுப்பும் வெள்ளை இனவெறிப் புத்தகங்களும் சேர்ந்து உருவாக்கிய ஆள் அதை வெடிக்க வைத்தான். உறுப்பினர் அட்டை வைத்து அளந்தால் இந்த மூன்று சம்பவங்களும் கணக்கிலேயே வராது.

அப்படியென்றால் எதை வைத்து அளப்பது?

உயிர்ப்பலியை வைத்து அளக்கலாம், ஆனால் எந்த நாளிலிருந்து எண்ணுகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். அமெரிக்க நாடாளுமன்றத்துக்காக வேலை செய்யும் அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2017இல் ஓர் அறிக்கை கொடுத்தது. 2001 செப்டம்பர் 12 முதல் 2016 டிசம்பர் 31 வரை உயிர்ப்பலி வாங்கிய தீவிரவாதத் தாக்குதல்கள் 85. அவற்றில் 62 தீவிர வலதுசாரிகள் செய்தவை, 23 இஸ்லாமியத் தீவிரவாதிகள் செய்தவை. இறந்தவர்கள் முறையே 106 பேர், 119 பேர். அந்த 119இல் 49 பேர் ஆர்லாண்டோ இரவு விடுதி என்ற ஒரே சம்பவத்தில் இறந்தவர்கள்.

இந்த எண்களை ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். ஒரு நாள் முன்னால் தள்ளி எண்ணத் தொடங்கினால் இரட்டைக் கோபுரத் தாக்குதலில் இறந்த சுமார் 3,000 பேரும் உள்ளே வந்துவிடுவார்கள், தராசு அப்படியே கவிழும். 2016க்குப் பின்னும் எண்ணினால் பிட்ஸ்பர்க் யூத ஆலயம் (2018, 11 பேர்), எல் பாசோ வால்மார்ட் (2019, 23 பேர்), பஃபலோ பல்பொருள் அங்காடி (2022, 10 பேர்) சேரும், மறுபக்கம் தாழும். இன்னொன்று: 'தீவிர வலதுசாரி' என்ற அந்தப் பட்டியலில் அரசை எதிர்க்கும் ஆயுதக் குழுக்களும் அடக்கம். எல்லாமே வெள்ளை இனவெறி அல்ல.

வெறுப்புக் குற்றக் கணக்கு இன்னும் ஓட்டை. எஃப்.பி.ஐ. 2023க்குச் சொன்ன எண் 11,862 சம்பவங்கள். காவல் துறைகள் தாமாக விரும்பி அனுப்பும் தகவல் இது. பெரிய ஊர்கள்கூடச் சில ஆண்டுகளில் பூஜ்யம் என்று எழுதி அனுப்பும். வீடுவீடாகப் போய்க் கேட்கும் குற்ற ஆய்வோ ஆண்டுக்குச் சுமார் இரண்டரை லட்சம் என்கிறது. பாதிக்கு மேற்பட்டவர்கள் போலீஸுக்குப் போவதே இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. இந்த இரண்டரை லட்சத்தில் எல்லா வகை வெறுப்பும் அடங்கும். அமைப்பு சார்ந்தவர்கள் செய்தது அதில் மிகச் சிறு பங்கு.

என் மகள் மேற்படிப்புக்கு அமெரிக்கா போகிறாள். அவள் இதில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு எவ்வளவு?

மிக மிகக் குறைவு. 2021இல் மட்டும் அமெரிக்காவில் 20,000க்கு மேற்பட்ட கொலைகள் நடந்தன. வெள்ளை இனவெறித் தாக்குதலில் இறப்பவர்கள் மோசமான ஆண்டுகளில்கூடச் சில பத்துப் பேர். சாலை விபத்தோடு ஒப்பிட்டால் இது கணக்கிலேயே வராது. இதற்காகப் படிப்பை நிறுத்த வேண்டியதில்லை.

பிறகு எதற்கு அரசுகளே இதைப் பெரிய ஆபத்து என்கின்றன?

அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2020 அக்டோபரில், டிரம்ப்பின் முதல் ஆட்சியிலேயே, வெள்ளை மேலாதிக்கத் தீவிரவாதிகளை உள்நாட்டின் மிக நீடித்த, மிக அதிக உயிர்ப்பலி வாங்கும் அச்சுறுத்தல் என்று எழுதியது. உள்நாட்டுத் தீவிரவாத வகைகளுக்குள் ஒப்பிட்டுச் சொன்ன வார்த்தை அது, நாட்டின் எல்லா ஆபத்துகளிலும் முதலிடம் என்று பொருளல்ல.

சராசரி மனிதருக்கான ஆபத்து குறைவு. ஆனால் ஆபத்து சராசரியாகப் பரவுவதில்லை. பஃபலோவில் சுட்டவன் தன் ஊரிலிருந்து மூன்று மணி நேரத்துக்கும் மேல் கார் ஓட்டிப் போனான். கறுப்பினத்தவர் அதிகம் வசிக்கும் அஞ்சல் குறியீட்டைத் தேடிப் பிடித்து, அங்கே இருந்த கடையைத் தேர்ந்தெடுத்தான். இறந்தவர்கள் 10 பேர், ஆனால் அடுத்த வாரம் காய்கறி வாங்கப் போகத் தயங்கியவர்கள் அந்த நாட்டின் கறுப்பினத்தவர் அத்தனை பேரும். கொலை செய்பவனின் குறியும் அதுதான்.

இவர்கள் எல்லோரும் ஒரே மாதிரியா?

இல்லை, ஒருவருக்கொருவர் ஒத்துப்போவதும் இல்லை. பழைய கிளான் மிச்சங்கள் ஒரு வகை. 1980களின் மொட்டைத்தலைக் கும்பல்கள் இன்னொரு வகை. 1988இல் டல்லாஸில் உருவான ஹேமர்ஸ்கின்ஸ் அதில் பெயர்பெற்றது, ராக் இசைக் கச்சேரிகள்தான் அவர்களுக்கு ஆள்பிடிக்கும் இடம். சிறைக் கும்பல்கள் தனி. 1960களில் கலிஃபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் பிறந்த ஆரியன் பிரதர்ஹுட் கொள்கை பேசினாலும் நடத்துவது போதைப்பொருள் வியாபாரமும் பணப் பறிப்பும்தான். கொன்றவர்களின் எண்ணிக்கையில் இவர்கள் மற்றவர்களைவிடக் குறைந்தவர்கள் அல்ல, ஆனால் பெரும்பாலும் கும்பல் தகராறு என்பதால் செய்தியாவதில்லை.

2017க்குப் பின் தலையெடுத்தவை இரண்டு. ஒன்று, பேட்ரியட் ஃபிரண்ட் போன்ற சீருடைக் குழுக்கள். காக்கி பேன்ட், வெள்ளை முகமூடி, திடீரென்று லாரியில் வந்து இறங்கி அணிவகுத்து, வீடியோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இன்னொன்று 'ஆக்டிவ் கிளப்' எனப்படும் உடற்பயிற்சி, குத்துச்சண்டைக் குழுக்கள். ஒவ்வோர் ஊரிலும் தனித்தனியாக இயங்கும். வெளியே பார்த்தால் ஜிம் நண்பர்கள்.

மிக ஆபத்தானவர்கள் 'வேகப்படுத்துவோர்'. தேர்தல், ஊர்வலம், கட்சி எதிலும் இவர்களுக்கு நம்பிக்கையில்லை. சமூகம் எப்படியும் இடிந்து விழும், மின் நிலையத்தைச் சுட்டும் கூட்டத்தில் சுட்டும் அதை விரைவாக விழ வைக்க வேண்டும் என்பது இவர்கள் வாதம். 2015இல் தொடங்கிய ஆட்டம்வாஃபன், 2018இல் தொடங்கிய தி பேஸ், பின்னர் டெலிகிராமில் உருவான டெரர்கிராம் என்ற வலை இந்த வகை. டெரர்கிராமை பிரிட்டன் 2024 ஏப்ரலிலும் அமெரிக்கா 2025 ஜனவரியிலும் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தன. அதில் இருந்தவர்களில் பலர் பள்ளி வயதுப் பையன்கள்.

ப்ரவுட் பாய்ஸ் என்ற அமெரிக்கக் குழுவும் இதில் சேர்த்தியா?

அவர்களே மறுக்கிறார்கள். நீண்ட காலம் தலைவராக இருந்த என்ரிக்கே டாரியோ ஆப்பிரிக்கக் கியூப வம்சாவளி. தெருச் சண்டையும் மேற்கத்தியப் பெருமிதமும்தான் அவர்களின் முதல் சரக்கு, ஆனால் இனவெறியர்களோடு மேடையைப் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். கனடா 2021 பிப்ரவரியில் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. 2021 ஜனவரி 6 நாடாளுமன்றத் தாக்குதலுக்காக டாரியோவுக்கு 22 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது, 2025 ஜனவரி 20 அன்று டிரம்ப் மன்னித்தார். எங்கள் பார்வையில் இது பக்கத்து வீடு, அதே வீடு அல்ல.

'தனி ஆளாகச் செய்தான்' என்கிறார்கள். பிறகு எப்படி இதை இயக்கம் என்பது?

தனி ஆளாகச் செய்வது இந்த இயக்கம் யோசித்து எடுத்த உத்தி. 1983–84இல் 'தி ஆர்டர்' என்ற குழு கலிஃபோர்னியாவின் யூகாயா அருகே பணம் ஏற்றிப் போன வண்டியை மறித்து 36 லட்சம் டாலர் கொள்ளையடித்தது, டென்வரில் ஒரு யூத வானொலித் தொகுப்பாளரைக் கொன்றது. கட்டுக்கோப்பான குழு என்பதால் ஒருவன் பிடிபட்டதும் எல்லோரும் மாட்டினார்கள். அதன் பிறகு கிளானின் முன்னாள் தலைவர் லூயிஸ் பீம் 'தலைவனில்லா எதிர்ப்பு' என்ற யோசனையைப் பரப்பினார். யாரும் யாருக்கும் கட்டளையிட வேண்டாம், எல்லோரும் ஒரே எழுத்தைப் படித்தால் போதும். கட்டளை இல்லையென்றால் சதி வழக்குப் போட ஆதாரமும் இல்லை.

இணையம் வந்ததும் அந்த யோசனைக்குக் கால் முளைத்தது. 2011 ஜூலை 22 அன்று நார்வேயில் ஆஸ்லோவில் 8 பேரும் உட்டோயா தீவில் 69 பேரும் ஒரே ஆளால் கொல்லப்பட்டார்கள். 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்ற ஆஸ்திரேலியன், தான் வெளியிட்ட அறிக்கையில் அந்த நார்வேக்காரனைத் தன் முன்னோடி என்று எழுதினான். துப்பாக்கி முழுக்க முந்தைய கொலையாளிகளின் பெயர்களை எழுதி வைத்திருந்தான். அதே வழியில் அடுத்தடுத்த தாக்குதல்கள்: ஆறு வாரத்தில் கலிஃபோர்னியாவின் போவே, ஆகஸ்டில் எல் பாசோ, அக்டோபரில் ஜெர்மனியின் ஹாலே, 2022இல் பஃபலோ. பஃபலோக்காரன் கிறைஸ்ட்சர்ச் அறிக்கையின் பல பகுதிகளை வார்த்தை மாறாமல் ஒட்டியிருந்தான், அவன் துப்பாக்கியிலும் பெயர்கள். பெயர்களை இங்கே எழுதாததற்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

கிறைஸ்ட்சர்ச் நேரலை 17 நிமிடம் ஓடியது. ஃபேஸ்புக் சொன்ன கணக்குப்படி நேரலையில் பார்த்தவர்கள் 200க்கும் குறைவு, அதில் ஒருவர்கூடப் புகார் செய்யவில்லை. முதல் 24 மணி நேரத்தில் நீக்கிய பிரதிகள் 15 லட்சம், அதில் 12 லட்சம் ஏற்றும்போதே தடுக்கப்பட்டவை. பஃபலோவில் சுடத் தொடங்கிய இரண்டு நிமிடத்துக்குள் ட்விட்ச் தளம் நேரலையை அறுத்தது. அப்போதும் யாரோ பதிவெடுத்து வேறு தளங்களில் ஏற்றிவிட்டார்கள்.

'மாற்றீட்டுக் கோட்பாடு' என்று ஏதோ சொல்கிறார்களே?

வெள்ளையரின் இடத்தில் குடியேறிகளைக் கொண்டுவந்து நிரப்ப மேல்தட்டினர் (பல பதிப்புகளில் யூதர்கள்) திட்டம் போட்டிருக்கிறார்கள் என்ற கட்டுக்கதை. பிரெஞ்சு எழுத்தாளர் ரெனோ கமூ 2011இல் இதற்குப் பெயர் சூட்டினார். கிறைஸ்ட்சர்ச் அறிக்கையின் தலைப்பே இதுதான். எல் பாசோவிலும் பஃபலோவிலும் அதே பேச்சு. மக்கள்தொகை மாறுவது உண்மை, அதற்குப் பின்னால் சதி இருக்கிறது என்பது பொய். அந்தப் பொய்தான் 'நான் தாக்கவில்லை, தற்காத்துக்கொள்கிறேன்' என்ற நினைப்பைக் கொடுக்கிறது.

போலீஸ் இருக்கும்போது இப்படித் தொடர்ந்து நடப்பது எப்படி?

இதற்கு ஜெர்மனியின் 'தேசிய சோஷலிசத் தலைமறைவு' (மேலே சொன்ன மூவர் கும்பல்) வழக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

2000 செப்டம்பரில் நியூரம்பெர்க் சாலையோரத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த துருக்கிய வம்சாவளி வியாபாரி சுடப்பட்டார். 2006 ஏப்ரல் வரை வெவ்வேறு நகரங்களில் இன்னும் எட்டுப் பேர்: காய்கறிக் கடைக்காரர், தையல்காரர், கபாப் கடைக்காரர், பூட்டுக் கடைக்காரர் என்று பெரும்பாலும் சின்ன வியாபாரிகள். மொத்தம் ஒன்பது பேரில் எட்டுப் பேர் துருக்கிய வம்சாவளி, ஒருவர் கிரேக்கர். ஒன்பது கொலைக்கும் அதே செக் நாட்டுக் கைத்துப்பாக்கி.

போலீஸ் என்ன செய்தது? விசாரணைக் குழுவுக்கு 'போஸ்பரஸ்' என்று பெயர் வைத்தது. துருக்கி மாஃபியா, போதைக் கடத்தல், கள்ள உறவு என்று இறந்தவர்களின் குடும்பத்தையே ஆண்டுக்கணக்கில் குடைந்தது. மாஃபியா வந்து மிரட்டும் என்று எதிர்பார்த்துப் போலீஸே ஒரு கபாப் கடை திறந்து நடத்தியது. பத்திரிகைகள் 'கபாப் கொலைகள்' என்று எழுதின. 2006இல் காஸல் நகரில் குடும்பத்தினர் 'பத்தாவது பலி வேண்டாம்' என்று பதாகை பிடித்து ஊர்வலம் போனார்கள். துப்புத் துலக்கத் தெரிந்திருந்தது அவர்களுக்குத்தான். காஸல் இணைய மையத்தில் கொலை நடந்த நேரத்தை ஒட்டி உளவுத் துறை அதிகாரி ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார், தான் எதையும் கவனிக்கவில்லை என்று சொன்னார். 2007இல் ஒரு பெண் காவலர் பத்தாவதாகக் கொல்லப்பட்டார்.

உண்மை வெளிவந்தது போலீஸின் திறமையால் அல்ல. 2011 நவம்பர் 4 அன்று ஐசனாக் நகரில் வங்கிக் கொள்ளை சொதப்பி, இருவர் வேனுக்குள் செத்துக் கிடந்தார்கள். மூன்றாமவள் வீட்டைக் கொளுத்திவிட்டு, கொலைகளைக் கேலிச் சித்திரமாக்கிப் பெருமையடிக்கும் டி.வி.டி.க்களைத் தபாலில் போட்டுவிட்டுச் சரணடைந்தாள். 1998இலிருந்து தேடப்பட்டவர்கள், சுற்றிலும் உளவுத் துறையின் சம்பளத் தகவலாளிகள். அடுத்த சில நாட்களில் உளவுத் துறைக்குள் கோப்புகள் கிழித்துப் போடப்பட்டன, அது அம்பலமாகி 2012இல் அதன் தலைவர் ஹைன்ஸ் ஃப்ரொம் பதவி விலகினார். 2018 ஜூலையில் அந்தப் பெண்ணுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

கொலைகாரன் இப்படித்தான் இருப்பான் என்று முன்கூட்டியே முடிவுகட்டியதுதான் இந்தத் தோல்வியின் வேர். ஆள் பற்றாக்குறை அல்ல.

படையிலும் போலீஸிலும் இவர்கள் ஊடுருவியிருப்பது உண்மையா?

உண்மை, ஆனால் சிறுபான்மை. ஜெர்மனி 2020இல் தன் சிறப்பு அதிரடிப் படையின் ஒரு கம்பெனியையே கலைத்தது. 1995இல் வட கரோலினாவில் ஃபோர்ட் பிராக் முகாமின் நியோ நாஜி சிப்பாய்கள் கறுப்பினத்தவர் இருவரைக் கொன்றார்கள். எண்ணிக்கையைவிடக் கவலை தருவது ஆயுதப் பயிற்சியும் வெடிபொருள் கிடைப்பதும்.

ஏன் தடை செய்துவிடக் கூடாது?

நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் முதல் சட்டத் திருத்தம் கருத்துரிமையைக் காக்கிறது. 1969இல் ஒஹையோவின் கிளான் தலைவர் பிராண்டன்பர்க் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் கோட்டைப் போட்டுவிட்டது: உடனடி வன்முறையைத் தூண்டும் நோக்கமும் அது நடக்கும் வாய்ப்பும் இருந்தால்தான் பேச்சு குற்றம். 'உள்நாட்டுப் பயங்கரவாதம்' என்பதற்குச் சட்டத்தில் வரையறை இருக்கிறது, அதன் பேரில் தனி மத்தியக் குற்றச்சாட்டு இல்லை. கொலை, ஆயுதச் சட்டம், வெறுப்புக் குற்றச் சட்டம் என்று சுற்றித்தான் வர வேண்டும்.

அங்கே பலன் தந்தது பணத்தில் அடிப்பது. 1981இல் அலபாமாவின் மொபைல் நகரில் கறுப்பின இளைஞர் ஒருவரைக் கொன்று மரத்தில் தொங்கவிட்டார்கள். தாய் உரிமையியல் வழக்குப் போட்டார். 1987இல் ஜூரி 70 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. அவ்வளவு பணம் இல்லாத யுனைடெட் கிளான்ஸ் தன் தலைமையகக் கட்டடத்தை அந்தத் தாயிடம் ஒப்படைத்துவிட்டு ஒழிந்தது. 2017இல் வர்ஜீனியாவின் சார்லட்ஸ்வில் நகரில் வெள்ளை இனவெறி ஊர்வலத்தை நடத்தியவர்கள் மீதும் 2021இல் இரண்டரைக் கோடி டாலருக்கு மேல் தீர்ப்பானது, மேல்முறையீட்டில் தொகை மாறியது.

பிரிட்டன் 2016 டிசம்பரில் நேஷனல் ஆக்ஷனைத் தடை செய்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் தீவிர வலதுசாரி அமைப்பு ஒன்றுக்கு அங்கே விழுந்த முதல் தடை. உடனே பெயரை மாற்றி வந்தார்கள், அந்தப் பெயர்களும் 2017இல் தடையாயின. பெயர் மாற்றும் விளையாட்டு நடந்தாலும் தடை வீண் அல்ல. கூட்டம் போட மண்டபம் கிடைக்காது, உறுப்பினராக இருப்பதே சிறைக்கு வழி, புதுப் பையன்கள் தயங்குவார்கள். ஆனால் டெலிகிராம் வலைக்கு மண்டபமே தேவையில்லை.

நம்மவர்களைக் குறிவைத்து நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 1993இல் டொராண்டோவில் உணவகத் தொழிலாளியான ஈழத் தமிழ் அகதி ஒருவரை மொட்டைத்தலை நியோ நாஜி ஒருவன் தாக்கியதில் அவருக்கு உடல் ஓரளவு செயலிழந்தது. ஹெரிடேஜ் ஃபிரண்ட் என்ற அமைப்பு அந்த நகரில் உச்சத்தில் இருந்த காலம் அது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் கனடா உளவுத் துறையின் ஆள் என்பது அடுத்த ஆண்டு வெளிவந்தது.

2012 ஆகஸ்ட் 5 அன்று விஸ்கான்சினின் ஓக் கிரீக் குருத்வாராவில் 6 பேர் கொல்லப்பட்டார்கள், படுகாயமடைந்த ஒருவர் 2020இல் இறந்தார். சுட்டவன் முன்னாள் ராணுவத்தான், இனவெறி ராக் குழுக்களில் பாடியவன். 2023 மே மாதம் டெக்சாஸின் ஆலன் வணிக வளாகத்தில் நியோ நாஜி ஒருவன் கொன்ற 8 பேரில் தெலங்கானாவைச் சேர்ந்த பொறியாளரும் ஒருவர்.

பிரிட்டனில் 2024 ஜூலை 29 சவுத்போர்ட் சிறுமிகள் கொலைக்குப் பின், கொலையாளி படகில் வந்த அகதி என்ற வதந்தி பரவியது. அவன் கார்டிஃபில் பிறந்தவன். பள்ளிவாசலும் அகதிகள் தங்கிய விடுதிகளும் தாக்கப்பட்டன. ஆகஸ்ட் 7க்குக் குறிவைத்து டெலிகிராமில் சுற்றிய பட்டியலில் இருந்தவை பெரும்பாலும் குடிவரவு வழக்கறிஞர் அலுவலகங்கள், நம்மவர்கள் படியேறும் இடங்கள். அன்று மாலை எதிர்ப்பாளர்கள் ஆயிரக்கணக்கில் தெருவை நிரப்பியதில் பெரும்பாலான இடங்களில் கலவரக்காரர்கள் வரவே இல்லை.

இணையத்தில் இந்தியர் வெறுப்பு இப்போது தனிப் பிரிவாகவே வளர்ந்திருக்கிறது. 2024 டிசம்பரில் சென்னையில் பிறந்த ஸ்ரீராம் கிருஷ்ணனை டிரம்ப் செயற்கை நுண்ணறிவு ஆலோசகராக அறிவித்தபோது, எச்-1பி விசாவைச் சாக்காக வைத்து எக்ஸ் தளத்தில் கிளம்பிய வசைமழை அதற்குச் சாட்சி. டிரம்ப்புக்கு வாக்களித்தவர் என்பதோ வரி கட்டுபவர் என்பதோ அங்கே செல்லுபடியாகாது.

நம் பையன்கள் இதில் விழ வாய்ப்பில்லைதானே?

அப்படி நம்பி இருந்துவிடாதீர்கள். 2023 மே 22 அன்று வெள்ளை மாளிகை அருகே தடுப்பின் மீது வாடகை லாரியை மோதிவிட்டு, நாஜிக் கொடியை எடுத்து விரித்தவன் இந்தியாவில் பிறந்த 19 வயது இளைஞன். 2025 ஜனவரியில் எட்டு ஆண்டுச் சிறை கிடைத்தது. ஆலனில் சுட்டவனும் லத்தீன் அமெரிக்க வம்சாவளிதான்.

கவனிக்க வேண்டியவை: கணக்குப் பெயரில் 14, 88 என்ற எண்கள் (14 என்பது அவர்களின் 14 சொல் முழக்கம், 88 என்பது எட்டாவது ஆங்கில எழுத்தான H இருமுறை, அதாவது ஹிட்லர் வாழ்த்து), நாஜிகளின் கருஞ்சூரியச் சின்னம், முந்தைய கொலையாளிகளைப் 'புனிதர்' என்பது. ஒரு மீம் பார்த்தான் என்பதற்காக அலற வேண்டாம். பழைய நண்பர்களை விட்டுவிட்டு இரவெல்லாம் மூடிய குழுவில் இருப்பது, ஆயுதம் பற்றிய ஆர்வம், 'பெரிதாக ஒன்று செய்யப் போகிறேன்' என்று யாரிடமாவது கசியவிடுவது, இவை சேர்ந்து வந்தால் நிலைமை வேறு. பஃபலோக்காரன் 2021இல் பள்ளியில் தன் எதிர்காலத் திட்டம் கொலையும் தற்கொலையும் என்று எழுதினான். மனநலப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், விளையாட்டு என்றான், விட்டுவிட்டார்கள். ஆயுதம் வாங்கவிடாமல் தடுக்கும் சட்டம் நியூயார்க்கில் இருந்தும் யாரும் மனுப்போடவில்லை.

போனைப் பிடுங்கி உடைப்பதால் பயனில்லை, வேறு போன் கிடைக்கும். வாதாடி ஜெயிப்பதும் நடக்காது. யார் இதை அனுப்புகிறார்கள், அவர்களை நேரில் பார்த்திருக்கிறாயா என்று கேட்பதில் தொடங்குங்கள். பிரிட்டனில் சேனல் என்ற திட்டம் வழக்குப் போடாமலே உதவும். அமெரிக்காவில் இயக்கத்தை விட்டு வந்தவர்களே 2011இல் தொடங்கிய லைஃப் ஆஃப்டர் ஹேட் இருக்கிறது.

உள்ளே போனவர்கள் வெளியே வருவதுண்டா?

நிறைய. ஜெர்மனியில் 2000இல் தொடங்கிய எக்ஸிட் அமைப்பு இதற்காகவே வேலை செய்கிறது. 2011இல் கேரா நகரின் நாஜி ராக் விழாவில் யாரோ 250 டி-ஷர்ட்டுகளை இலவசமாகக் கொடுத்தார்கள், மேலே மண்டையோடும் கொடியும். வீட்டுக்குப் போய் ஒரு தடவை துவைத்ததும் படம் கரைந்து, அடியிலிருந்து வேறு வாசகம் வந்தது: உன் சட்டையால் முடிந்தது உன்னாலும் முடியும், வெளியேற உதவுகிறோம். கீழே எக்ஸிட்டின் தொடர்பு விவரம். 2014இல் வுன்சீடல் என்ற சின்ன ஊரில், ஆண்டுதோறும் வரும் நாஜி ஊர்வலம் நடக்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் பத்து யூரோ அதே எக்ஸிட்டுக்கு நன்கொடை என்று ஊர்க்காரர்கள் முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்டார்கள். நடந்து முடித்தபோது 10,000 யூரோ சேர்ந்திருந்தது.

எங்கள் கோயிலில் என்ன பாதுகாப்புச் செய்யலாம்?

முதலில் கதவு. 2019 அக்டோபர் 9 அன்று ஹாலே யூத ஆலயத்தில் நோன்பு நாள் வழிபாடு. உள்ளே சுமார் 50 பேர், வெளியே போலீஸ் காவல் இல்லை. சுட்டவன் பூட்டியிருந்த மரக்கதவைச் சுட்டும் உதைத்தும் பார்த்தான், திறக்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் கேமரா திரையில் பார்த்தபடியே போலீஸை அழைத்தார்கள். (ஆத்திரத்தில் தெருவில் போன ஒரு பெண்ணையும் கபாப் கடையில் இருந்த ஒரு இளைஞரையும் கொன்றான்.)

கோயிலுக்கு எந்நேரமும் கதவடைப்பது பொருந்தாது. உள்ளிருந்து ஒரே அசைவில் தாழிடக்கூடிய கதவு, வாசலைக் காட்டும் கேமராவின் திரை உள்ளே ஒரு தொண்டர் கண்ணில் படும் இடத்தில், விழா நாட்களில் வாசலில் இருவர், இது போதும் தொடங்க. மடப்பள்ளியிலிருந்தும் வெளியேறும் வழி இருக்கட்டும். ஓக் கிரீக்கில் சமைத்துக்கொண்டிருந்த பெண்கள் சாமான் அறைக்குள் ஒளிந்துதான் தப்பினார்கள். பின்கதவின் முன் செருப்பு அலமாரியும் மடக்கு நாற்காலியும் அடுக்குவது நம் கோயில்களின் தீராத வியாதி; தீயணைப்பு ஆய்விலும் மாட்டிக்கொள்வீர்கள்.

இரத்தம் நிறுத்தும் இறுக்குப்பட்டை குறைந்தது இரண்டு முதலுதவிப் பெட்டியில் இருக்கட்டும். கை அல்லது கால் காயத்துக்கு மேலே 5–7 செ.மீ. தள்ளி, மூட்டின் மேல் படாமல் கட்டி, இரத்தம் நிற்கும்வரை முறுக்கி, கட்டிய நேரத்தை எழுதுங்கள். அமெரிக்காவில் வழிபாட்டுத் தலங்களுக்கு மத்திய பாதுகாப்பு மானியம் உண்டு, மாநில நிர்வாகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கட்டடத்தின் பலவீனங்களை எழுதிய மதிப்பீடு இல்லாமல் போனால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

நம் ஸ்வஸ்திகாவால் சிக்கல் வருமா?

சில இடங்களில் வரும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2022இல் நாஜிச் சின்னத்தைத் தடை செய்தபோது இந்து, பௌத்த, சமணப் பயன்பாட்டுக்கு விலக்குக் கொடுத்தது. சட்டம் புரிந்தாலும் பக்கத்து வீட்டுக்காரருக்குப் புரியாது. கிரகப்பிரவேசத்துக்கு முன் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் போலீஸ் வருகை மிச்சம்.

தெருவில் இனவெறியோடு திட்டினாலோ தாக்கினாலோ என்ன செய்வது?

அங்கிருந்து நகருங்கள், பதிலுக்குத் திட்டாதீர்கள். ஆபத்து நீடித்தால் அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, பிரிட்டனில் 999, ஜெர்மனியில் 110, ஆஸ்திரேலியாவில் 000.

பிறகு ஒரு மணி நேரத்துக்குள் எழுதிவையுங்கள். அவர்கள் சொன்ன வார்த்தைகள் அப்படியே வேண்டும், அசிங்கமாக இருந்தாலும். 'மோசமாகத் திட்டினான்' என்று எழுதினால் வெறுப்புக் குற்றம் என்று நிரூபிக்க ஒன்றுமில்லை. இடம், நேரம், வண்டி எண், பச்சை குத்தியிருந்தால் அதன் வடிவம், சாட்சிகளின் தொலைபேசி எண். கடை கேமரா பதிவுகள் சில நாட்களில் அழிந்துவிடும், அன்றே கடைக்காரரிடம் சேமிக்கச் சொல்லுங்கள். இணையத்தில் நடந்தால் புகார் செய்வதற்கு முன் திரைப்பிடிப்பு எடுங்கள், கணக்குப் பெயரும் முகவரிப் பட்டையும் தேதியும் தெரிய வேண்டும். புகார் செய்ததும் பதிவு நீக்கப்பட்டு ஆதாரமும் போய்விடுவது அடிக்கடி நடக்கிறது.

காவல் நிலையத்தில் 'இது இனவெறியால் நடந்தது என்று கருதுகிறேன்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிரிட்டனில் பாதிக்கப்பட்டவரோ வேறு யாரோ அப்படிக் கருதினாலே அவ்வகையில் பதிய வேண்டும். குற்றப் பதிவு எண்ணை வாங்காமல் வெளியே வராதீர்கள். தாக்குதல் திட்டம் பற்றி ஏதாவது காதில் விழுந்தால் பிரிட்டனில் 0800 789 321, அமெரிக்காவில் எஃப்.பி.ஐ.யின் 1-800-225-5324, ஆஸ்திரேலியாவில் 1800 123 400. விசா நிலை பற்றிய பயத்தால் புகாரைத் தள்ளிப்போடுபவர்கள் அதிகம். மாணவர்கள் முதலில் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தையோ ஊர்த் தமிழ்ச் சங்கம் வழியாக ஒரு வழக்கறிஞரையோ பிடித்து, அவரோடு சேர்ந்தே காவல் நிலையம் போகலாம்.